சாமளாபுரத்து வீட்டுக்கு மூன்று பேர்

எங்கள் தொழிலில் யாரும் குணமாகிப் போய் ஸ்வீட் பாக்ஸோடு திரும்பி வந்து நன்றி சொன்னதில்லை.

இதயம் பலவீனமாகி, இனிப் பழையபடி ஆகாது என்று பெரிய ஆஸ்பத்திரிகள் சொல்லி அனுப்பியவர்களின் வீடுகளுக்குப் போவதுதான் எங்கள் வேலை. மூச்சுத் திணறலைக் குறைக்க வேண்டும், கால் வீக்கத்தை வடிக்க வேண்டும், தூக்கம் வரவழைக்க வேண்டும், வீட்டாரின் பயத்தை ஓரளவாவது தணிக்க வேண்டும். இப்போது இதற்கு ஆங்கிலத்தில் நல்ல பெயர் ஒன்று வந்துவிட்டது. தொண்ணூறுகளில் திருப்பூரில் நாங்கள் கிளம்பியபோது பெயர் எதுவும் கிடையாது. ‘வீட்டு விசிட்’ என்போம். போனவர்கள் மூன்று பேர். டாக்டரம்மா, நர்சாகிய நான், அப்புறம் ஆரோக்கியம். ஆரோக்கியம் பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்து, அந்தக் கூச்சல் பிடிக்காமல் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தவர். வேன் ஓட்டுவார். வீட்டாரோடு உட்கார்ந்து பேசுவதும் அவர் வேலைதான். சில சமயம் இரண்டையும் சேர்த்துச் செய்வார், பின் சீட்டில் எங்களுக்கு உயிர் போய் உயிர் வரும்.

நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. எனக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. ஒரு வீட்டில் இருக்கும்போது மனசு அடுத்த வீட்டுக்குப் போய்விடும், அங்கே போனால் முந்தின வீட்டில் என்ன ஆச்சோ என்று அடித்துக்கொள்ளும். மூச்சு வாங்குகிற ஒருவர் பக்கத்தில், படுக்கவும் முடியாமல் எழுந்து போகவும் முடியாமல் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அனுபவம் உங்களுக்கும் உண்டா? அப்படியானால் நீங்கள் நம்ம ஆள். மேலே படியுங்கள்.

வேன் நிற்கும் இடம்

ரங்கசாமி சாமளாபுரத்துக்காரர். வீட்டை ஒட்டி ஷெட் போட்டு விசைத்தறி ஓட்டியவர். இரண்டு தடவை மாரடைப்பு வந்து, இதயத்தில் பாதி வேலையை நிறுத்திவிட்டது. மனைவி மயிலாத்தாள். ஒரே மகன் செல்வராஜ், திருப்பூரில் பனியன் கம்பெனி முதலாளி.

முதல் விசிட்டுக்குக் கிளம்பும் முன்பே செல்வராஜிடமிருந்து போன் வந்தது. வேனை வீட்டு வாசலில் நிறுத்த வேண்டாமாம். வெள்ளை வேன், பக்கவாட்டில் சிவப்புக் குறி. அது வாசலில் நின்றால் ஆள் போய்விட்டார் என்றே ஊர் முடிவு கட்டிவிடும், காங்கயத்திலிருந்தும் ஊத்துக்குளியிலிருந்தும் சொந்தபந்தங்கள் மாலையோடு பஸ் ஏறிவிடுவார்கள் என்றார். சரி, நியாயம்தான் என்று ரேஷன் கடைப் பக்கம் வேனை நிறுத்திவிட்டு நடந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. டாக்டரம்மா கையில் பெட்டி, என் கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, ஆரோக்கியம் தோளில் சாக்குப் பையால் மூடிய எடை மிஷின். திருட்டுச் சாமான் கடத்துகிறவர்களைப் போல சந்து சந்தாகச் சுற்றிப் போனோம்.

மூன்றாவது விசிட்டோ நான்காவதோ, ரேஷன் வரிசையில் மண்ணெண்ணெய்க் கேனோடு நின்ற ஒரு பெரியவர் எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். “ரங்கசாமி ஊட்டுக்குத்தானுங்களே? வேனை வாசலுக்கே கொண்டு போங்க சாமி, எதுக்கு வெயில்ல நடந்து கஷ்டப்படறீங்க? ஊருக்கே தெரிஞ்ச சமாச்சாரந்தானுங்களே!”

நன்றாக இருப்பவர்

ரங்கசாமி கட்டில் விளிம்பில் முன்னால் குனிந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருப்பார். மூச்சு முட்டுகிறவர்கள் உட்காருகிற விதம் அது. “எப்படி இருக்கீங்க?” என்று டாக்டரம்மா கேட்டால், “நல்லா... இருக்கறனுங்க” என்பார். அந்த இரண்டு வார்த்தைக்கு நடுவில் ஒரு மூச்சு வாங்க வேண்டியிருக்கும். கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். ராத்திரி தூங்கினீர்களா? “தூங்கறனுங்க.” சாப்பிடுகிறீர்களா? “சாப்படறனுங்க.” எல்லாம் நல்லபடி நடக்கிற மனிதரின் வீட்டுக்கு நாங்கள் எதற்காக வந்தோம் என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஒருநாள் பொறுக்காமல், “ஏன் அண்ணாச்சி இப்படிப் பொய் சொல்லுதீங்க?” என்று கேட்டே விட்டேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. இவ்வளவு தூரம் வந்தவர்களிடம், வந்ததும் வராததுமாக நல்லா இல்லை என்றால் உங்கள் மனசு சங்கடப்படாதா என்று திருப்பிக் கேட்டார். அதன் பிறகு நாங்கள் அவரைக் கேட்பதை விட்டுவிட்டு, பார்க்கக் கற்றுக்கொண்டோம்.

அந்த மரியாதைக்கார மனிதர் ஒரே ஒரு விஷயத்தைத்தான் எங்களிடம் சுற்றி வளைக்காமல் சொன்னார். மயிலாத்தாள் சமையலறைக்குள் போகும்வரை காத்திருந்து, டாக்டரம்மாவைப் பக்கத்தில் கூப்பிட்டார். அதற்கு முந்தி கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, குழாய்களைப் பிடுங்கிவிடுகிறார் என்று கையைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். மயிலாத்தாள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றிருக்கிறாள், இவர் கையாட்டக்கூட முடியவில்லை. இன்னொரு தடவை அங்கே போக மாட்டேன் என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே வேண்டுதல். உங்களுக்கு விருப்பமில்லாமல் போகவிட மாட்டோம் என்று டாக்டரம்மா வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்துவிட்டார், சரி. தூக்கிக் காரில் போடப்போவது மகன். அவரை யார் தடுப்பது? அன்றிலிருந்து எனக்கு அதே கவலை. போதாததற்கு ரங்கசாமி இன்னொரு முடிச்சும் போட்டார். “போறதுன்னா இங்கயே, இந்த ஊட்டுலயே போயிக்கறனுங்க. ஆனா நான் இப்பிடிச் சொன்னேன்னு அவகிட்ட மட்டும் சொல்லீராதீங்க, அழுதுருவா.”

மோர்

மாத்திரை கொடுத்தும் கால் வீக்கம் வடியவில்லை. உப்புப் போட்ட கடலையா, ஊறுகாயா என்று மயிலாத்தாளைத் துருவித் துருவிக் கேட்டேன். சமையலறை டப்பாக்களைக்கூடத் திறந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. குடிக்கிற தண்ணீரையும் அளந்துதான் கொடுத்தாள், அதற்கென்றே ஒரு செம்பு வைத்திருந்தாள். டாக்டரம்மா நீர் பிரிகிற மாத்திரையைக் கூட்டினார். வீக்கம் அதற்கும் மசியவில்லை. எனக்குத் தூக்கம் கெட்டது.

அப்போதெல்லாம் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து போவது நின்று, அவரவர் நேரம் கிடைத்த நாளில் தனித்தனியாகப் போய்க்கொண்டிருந்தோம். ஒருநாள் நான் போனதும் மயிலாத்தாள் வழக்கம்போலப் பெரிய டம்ளரில் மோர் கொண்டுவந்தாள். கொத்தமல்லி, பெருங்காயம், கல்லுப்பு எல்லாம் போட்ட அமிர்தம். நான் பாதி குடித்துவிட்டுத் திரும்பினால், ரங்கசாமி கையிலும் அதே அளவு டம்ளர்! விருந்தாளியைத் தனியாகக் குடிக்கவிட்டு வீட்டுக்காரர் வேடிக்கை பார்ப்பது அவர் அகராதியில் கிடையாது. டாக்டரம்மா வந்தால் ஒரு டம்ளர், நான் வந்தால் ஒரு டம்ளர், ஆரோக்கியம் வந்தால் இரண்டு, ஏனென்றால் அவர் கேட்டு வாங்கிக் குடிப்பார். உப்பைக் குறை, தண்ணீரைக் குறை என்று உபதேசம் செய்துகொண்டே ரங்கசாமி உடம்பில் உப்பும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டிருந்தது நாங்கள்தான்.

அன்று சாயங்காலமே டாக்டரம்மா உத்தரவு போட்டார். இனிமேல் மூன்று பேரும் ஒரே நாளில், ஒரே வேனில், மோரை அவரவர் வீட்டிலேயே குடித்துவிட்டுத்தான் போக வேண்டும். எங்கள் டீம் உண்மையில் டீமாக ஆனது அந்த மோரால்தான். மறு விசிட்டில் மயிலாத்தாளிடம், இது முன்பே தெரியுமா என்று கேட்டேன். அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “நீங்க வந்துட்டுப் போனாத்தானுங்க அவுருக்குக் கால் வீங்கும். அதை எப்பிடிங்க உங்க மூஞ்சிக்கு நேரா நான் சொல்லறது?”

ஓய்வு

இதய நோயாளிக்கு ஓய்வு வேண்டும், சத்தம் ஆகாது. இது புத்தகத்தில் இருக்கிறது. ரங்கசாமி படுத்திருந்த அறைக்கும் தறி ஷெட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். சுவரில் கை வைத்தால் அதிரும். டாக்டரம்மா சத்தத்தைப் பற்றி லேசாக ஒரு வார்த்தை சொல்ல, செல்வராஜ் அன்றைக்கே தறிகளை நிறுத்திவிட்டு, நெய்தவர்களை வேறு ஷெட்டுக்கு அனுப்பிவிட்டார். நல்ல மகன், பணமும் இருக்கிறது, கேட்பானேன்.

அடுத்த வாரம் போனால் ரங்கசாமியை அடையாளம் தெரியவில்லை. கண் உள்ளே போயிருந்தது. கட்டிலில் உட்காருகிறார், எழுகிறார், கதவைப் பிடிக்கிறார், மறுபடி உட்காருகிறார். எனக்கே அவரைப் பார்த்துப் படபடப்பு வந்துவிட்டது. தூக்க மாத்திரை எழுதலாமா என்று டாக்டரம்மா யோசிக்க, ஆரோக்கியம் தனக்குத் தெரிந்த மூச்சுப் பயிற்சியை ஆரம்பித்து, பாதியில் தானே இருமிவிட்டார். நான் தலையணையைத் தட்டிப் போடுகிற சாக்கில் பக்கத்தில் உட்கார்ந்து, என்னதான் செய்கிறது சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். முதலில் ஒன்றுமில்லை என்றார். அப்புறம் என் காதுக்கருகில் சொன்னார். “தறி ஓடாட்டி என்ற நெஞ்சு அடிக்கறது எனக்கே கேக்குதுங்க அம்மிணி. நின்னு நின்னு அடிக்குது. அதைக் கேட்டுட்டு எவன் தூங்குவான்?”

வேஸ்ட் மூட்டை

தறி மறுபடி ஓடியது. அவரும் தூங்கினார், உட்கார்ந்தபடி. நீட்டிப் படுத்தால் நெஞ்சில் நீர் ஏறி மூச்சு அடைக்கும் என்பதால் முதுகுக்குப் பின்னால் உயரமாக ஏதாவது வேண்டும். செல்வராஜ் தலையை உயர்த்துகிற இரும்புக் கட்டில் வாங்கி வந்தார். ரங்கசாமி அதில் ஏறவே இல்லை, கோயமுத்தூர் ஞாபகம் வருகிறதாம். தலையணைகளை அடுக்கினோம், அவை வழுக்கி விழுந்தன.

ஆரோக்கியம்தான் செல்வராஜ் கம்பெனியிலிருந்து கட்டிங் வேஸ்ட் இரண்டு மூட்டை தூக்கி வந்தார். பனியன் வெட்டினதில் மிஞ்சுகிற துண்டுத் துணி. நன்றாக அமுக்கிக் கட்டிய மூட்டை, முதுகுக்கு ஏற்றபடி குழிந்து கொடுத்தது. ரங்கசாமி சாய்ந்து பார்த்தார், தோளை அசைத்தார், கண்ணை மூடினார். மகனுடைய கம்பெனிக்குள் அவர் ஒருநாள்கூடக் கால் வைத்ததில்லை என்று மயிலாத்தாள் முன்பே சொல்லியிருந்தாள். கண்ணைத் திறக்காமலே சொன்னார், “பையன் கம்பெனில இருந்து எனக்கு வந்த மொத லாபம் இதுதானுங்க.”

எக்ஸ்சேஞ்ச்

செல்வராஜ் வீட்டுக்கு வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கண்ட காட்சியைச் சொல்கிறேன். அப்பா கட்டிலில், மகன் வாசல்படியில், நடுவில் மயிலாத்தாள். கைநீட்டினால் தொட்டுவிடும் தூரம். ரங்கசாமி சுவரைப் பார்த்துச் சொன்னார், “கம்பெனில வேலை எப்பிடி இருக்குதாம்னு கேளு.” மயிலாத்தாள் திரும்பி, “வேலை எப்பிடி இருக்குதுன்னு கேக்கறாரு” என்றாள். மகன் தரையைப் பார்த்து, “ஷிப்மென்ட் போயிருச்சுன்னு சொல்லுங்கம்மா” என்றார். அவள் இந்தப் பக்கம் திரும்பினாள், “ஷிப்மென்ட் போயிருச்சாமா.” சண்டை போலிருக்கிறது என்று நினைத்து ஆரோக்கியத்தை வெளியே இழுத்துப் போய்க் கேட்டேன். சண்டையெல்லாம் இல்லையாம். ஆரோக்கியத்தின் அப்பாவும் அவரிடம் அப்படித்தானாம். தோளுக்கு மேல் வளர்ந்த மகன் அப்பாவோடு முகத்துக்கு முகம் பேசினால் மரியாதை குறைந்துவிடும் என்று இந்தப் பக்கம் பல வீடுகளில் அம்மா வழியாகத்தான் எல்லாம் நடக்குமாம். கல்யாணப் பேச்சும் அப்படித்தான், நிலம் வாங்கும் பேச்சும் அப்படித்தான்.

மயிலாத்தாள் அடுப்பைப் பார்க்கப் போனதும் அந்த உத்தியோகம் என் தலையில் விழுந்தது. “சிஸ்டர், கோயமுத்தூருக்குப் புதுசா ஒரு டாக்டர் வந்திருக்கறாராமா. ஒரே ஒருக்காக் காட்டீட்டு வந்தரலாம்னு அப்பாகிட்டச் சொல்லுங்க” என்றார் செல்வராஜ். ரங்கசாமி என்னைப் பார்த்து, “அதெல்லாம் எதுக்குன்னு கேளுங்க அம்மிணி” என்றார். நான் இரண்டு தடவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பினேன். மூன்றாவது தடவை எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நான் என்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்சா? இந்தா இருக்காரு உங்க அப்பா, இந்தா இருக்கீரு நீரு. பேசித் தொலைங்களேன்!” என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். செல்வராஜ் பின்னாலேயே ஓடி வந்தார். கோபப்படவில்லை, நெற்றி வியர்த்திருந்தது. “அப்பாகிட்ட நேராப் பேசறதுங்களா? ஜெர்மனிக்காரன்கிட்ட இங்கிலீசுல வெல பேசச் சொல்லுங்க சிஸ்டர், பேசிப் போடறன்.”

பார்க்க வந்தவர்கள்

நோயாளியைப் பார்க்க வருகிறவர்களைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதலாம். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வருவார்கள், கட்டில் முன் வரிசையாக உட்காருவார்கள், இன்னாருக்கும் இதே வியாதிதான், அவர் எப்படிப் போனார் தெரியுமா என்று நோயாளிக்கே கதை சொல்லிவிட்டு எழுந்து போவார்கள். உங்கள் வீட்டுக்கும் வந்திருப்பார்கள், நான் சொல்ல வேண்டியதில்லை. ரங்கசாமி வீட்டில் இவர்களுக்கெல்லாம் தலைவர் மயிலாத்தாளின் அண்ணன் சென்னியப்பன். பெரிய மனுஷர், குரலும் பெரிசு. பனியன் கம்பெனி வைத்திருக்கிற மகன் அப்பனை வீட்டிலேயே போட்டுவைத்துச் செலவை மிச்சம் பிடிக்கிறான் என்று கூடத்தில் உட்கார்ந்து சொல்லுவார். உள்ளே இருப்பவருக்கும் கேட்கும்.

அந்தப் பேச்சு செல்வராஜை அறுத்தது. ஆள் உயர ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றை வரவழைத்து, நோயாளி அறையில் வைக்காமல் கூடத்தில், வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி நிறுத்தினார். பாவமாக இருந்தது. ஒரு விருந்தாளி அதற்குப் பக்கத்தில் நின்று பீடி பற்றவைக்கப் போக, ஆரோக்கியம் பாய்ந்து பிடுங்கிய கதையும் உண்டு. அன்று டாக்டரம்மா செல்வராஜை வேனுக்குள் உட்காரவைத்துப் பேசினார். கோயமுத்தூருக்குக் கொண்டுபோனால் சில நாட்கள் கூடலாம், கூடாமலும் போகலாம், அந்த நாட்களும் குழாய்களோடுதான். இங்கேயே மூச்சு முட்டாமல், பயமில்லாமல் வைத்திருக்க எங்களால் முடியும். உங்கள் அப்பாவுக்கும் இங்கே இருக்கத்தான் ஆசை. அவரே எங்களிடம் சொன்னார்.

செல்வராஜ் நீண்ட நேரம் கார் சாவியைத் திருகிக்கொண்டிருந்தார். எங்களை அவர் நம்பவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வீட்டில் செய்தி வருகிற வழி அதுவல்ல. “அப்பாவுக்கு அப்பிடி ஒரு எண்ணம் இருந்தா அம்மாகிட்டச் சொல்லியிருப்பாருங்களே. அம்மா எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலீங்க.”

கார்

ஒருநாள் காலை மயிலாத்தாள் போன் செய்தாள். மூச்சு ரொம்ப மோசம் என்றாள், அவ்வளவுதான். ஆரோக்கியம் பறந்தார். எனக்கு வேனுக்குள் இருப்புக் கொள்ளவில்லை, ஊசி மருந்தை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ரேஷன் கடையில் நிறுத்தவில்லை, நேராக வாசலுக்கே போனோம். அங்கே செல்வராஜின் கார் கதவுகள் திறந்தபடி நின்றது. பின் சீட்டில் தலையணைகள். முன் சீட்டில் சென்னியப்பன் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தார். ஆரோக்கியம் ஒரு காரியம் செய்தார். யாரிடமும் கேட்காமல் வேனைக் காருக்குப் பின்னால் குறுக்கே நிறுத்தி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

நானும் டாக்டரம்மாவும் உள்ளே ஓடினோம். ரங்கசாமி மூட்டையில் சாய்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. நெற்றி முழுக்க வேர்வை. பேச்சே இல்லை. எங்களைப் பார்த்துத் தலையைக்கூட அசைக்க முடியவில்லை. மயிலாத்தாள் அவர் முகத்துக்கு நேராக விசிறியால் வீசிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா நீர் பிரிகிற ஊசியையும், மூச்சுத் திணறலின் பயத்தை அடக்குகிற ஊசியையும் போட்டார். கொடுத்த வாக்கு என்ன ஆகப்போகிறது என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா வெளியே போய்ச் செல்வராஜிடம் முன்பு சொன்னதையே மறுபடி பொறுமையாகச் சொன்னார். செல்வராஜ் அழுதார். காரிலிருந்து சென்னியப்பன் கத்தினார். “அப்பனைச் சாகக் குடுத்துட்டு நாளைக்கு ஊருக்குள்ள எப்பிடித் தலை நிமிர்ந்து நடப்பே? தூக்குடா!” செல்வராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓரடி வைத்தார். டாக்டரம்மா வழியை மறிக்க முடியாது. உள்ளே போகிறவர் பெற்ற மகன்.

அப்போது மயிலாத்தாள் விசிறியை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போனாள். படியில் நின்று, எப்போதும் சொல்கிற அதே குரலில் மகனிடம் சொன்னாள். “அப்பா வரலைன்னு சொல்றாரு.” செல்வராஜ் அப்படியே நின்றுவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் அங்கேயேதான் இருந்தேன், அவர் வாயே திறக்கவில்லை. எங்களிடம் சொன்னதையும் அவளிடம் சொல்லக் கூடாது என்று தடுத்து வைத்திருந்தார், நாங்களும் சொல்லவில்லை. சென்னியப்பன் காரை விட்டு இறங்கி வந்தார். “என்னம்மிணி சொல்றே? மூச்சு உடவே முடியாம உக்கோந்திருக்கறாரு. எப்பச் சொன்னாரு, எப்பிடிச் சொன்னாரு?”

மயிலாத்தாள் அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். “ஏனுங்கண்ணா, நான் இந்த ஊட்டுக்கு வந்ததுல இருந்து ‘அவுரு சொன்னாரு, அவுரு சொன்னாரு’ன்னு உங்ககிட்டெல்லாம் சொன்னது பூராவும் அவுரு வாயைத் தொறந்து சொன்னதுன்னா நெனச்சுட்டு இருந்தீங்க?”

சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடிக்கொண்டிருந்தது. செல்வராஜ் தன் அம்மாவை முதன்முதலாகப் பார்க்கிறவர் மாதிரிப் பார்த்தார். பிறகு, சின்னப் பையன் குரலில் கேட்டார். “அப்ப, கம்பெனி வெச்சுக்கடான்னு அப்பா சொன்னாருன்னு சொன்னீங்களேம்மா? அது?”

மயிலாத்தாள் அவர் கையிலிருந்த கார் சாவியை வாங்கிக்கொண்டாள். “அதை நீயே போயிக் கேளு கண்ணு. உள்ளதான் உக்கோந்திருக்கறாரு.”

செல்வராஜ் உள்ளே வந்தார். நான் விசிறியை அவரிடம் கொடுத்துவிட்டு வெளியேறினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவர் தரையில், அப்பாவின் முகத்துக்கு நேராக உட்கார்ந்து வீசிக்கொண்டிருந்தார். மத்தியானத்துக்குள் ஊசி வேலை செய்து ரங்கசாமிக்கு மூச்சுத் திணறல் கொஞ்சம் இறங்கியது. உதடுகள் அசைவது தெரிந்தது, மகன் பதில் சொல்வதும் தெரிந்தது. என்ன கேட்டார், என்ன சொன்னார் என்பது தறிச் சத்தத்தில் எங்கள் காதில் விழவில்லை. நான் வேனுக்குள் போய் வாய்விட்டு அழுதேன். ஆரோக்கியம் ரியர்வியூ கண்ணாடியை வேறு பக்கம் திருப்பிவைத்தார். சில நாட்கள் கழித்து, ஒரு பகல் ஷிப்டில், எல்லாத் தறிகளும் ஓடிக்கொண்டிருக்கும்போது ரங்கசாமி அந்த வீட்டிலேயே போனார். மகன் பக்கத்தில் இருந்தார், மயிலாத்தாள் கையைப் பிடித்திருந்தாள், நடுவில் கண்ணாடி இல்லை.

டாக்டரம்மா, நான், ஆரோக்கியம், மூன்று பேர் டீமாக்கும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நாங்கள் போய் இறங்குகிற வீடுகளிலெல்லாம், சம்பளமும் யூனிபாரமும் இல்லாத ஒருத்தி எங்களுக்கு ரொம்ப காலம் முன்பே டியூட்டியில் சேர்ந்து, எங்கள் மனசு சங்கடப்படக் கூடாதே என்று அதை வெளியே சொல்லாமல் இருக்கிறாள்.